மூன்று மாதக் கட்டில்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போன வருஷம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது. சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, அப்புறம் டவுனுக்கு வந்து சேர்ந்தவர்கள். இனிப்புநீரில் தொடங்கிய பேச்சு முழங்கால் வலிக்குப் போய், அங்கிருந்து சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் கிடந்த கதைக்கு வந்து நின்றுவிட்டது.

ஒருவர் மூட்டுக்காய்ச்சலில் ஐந்து மாதம் படுத்தவர். இன்னொருவர் முகமும் காலும் வீங்கி, சிறுநீரகக் கோளாறு என்று ஏழு வாரம். நான் தொடை எலும்பை முறித்துக்கொண்டு மூன்று மாதம். மூன்று பேரும் ஒருவர் வாயை ஒருவர் மறித்துப் பேசினோம். எந்த வார்டில் மீலோ கெட்டியாக இருந்தது, எந்த மிஸ்ஸி (தாதி) ஊசி போட்டால் வலிக்காது என்றெல்லாம். நாலாமவர் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை. பாவம், அவர் முகம் தொங்கிப்போயிற்று. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் அக்காள் மகள் சொன்னாள்: "என்னா மாமா, லங்காவிக்கு லீவுல போயிட்டு வந்த மாதிரி பேசுறீங்க?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டோம். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அம்மா அப்பா பக்கத்தில் இல்லை. உடம்பில் வலி. நாளுக்கு நாள் ஊசி. இதை ஏன் நாங்கள் இவ்வளவு ஆசையாக நினைத்துப் பார்க்கிறோம்? யோசித்துப் பார்த்தால், காரணத்தில் பாதிதான் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது. மீதி தோட்டத்து லயத்தில், நாங்கள் வளர்ந்த வரிசை வீடுகளில், இருக்கிறது.

முதலில், ஏன் அத்தனை நாள்? அந்தக் காலத்தில் படுக்கைதான் பாதி மருந்து. என் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974, ரம்புத்தான் சீசன், எனக்கு எட்டு வயது. மரத்தின் உச்சிக் கொப்பில்தான் பழம் இனிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஏறினேன், விழுந்தேன். தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிரெசர் இரண்டு பலகையை வைத்துக் காலைக் கட்டி, தோட்டத்து லேண்ட்ரோவரில் ஏற்றி அனுப்பினார். தொடை எலும்பு முறிந்தால் சுற்றியிருக்கும் பெரிய தசைகள் சுருங்கி, முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றைத் தாண்டி ஒன்றாக இழுத்துவிடும். அதைத் தடுக்கக் காலை எதிர்ப்பக்கம் இழுத்து வைக்க வேண்டும். காலின் இரு பக்கமும் நீளப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் கப்பி வழியாக எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். பிள்ளை வழுக்கிக் கீழே போகாமலிருக்கக் கால்மாட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துவார்கள். உடம்பின் கனமே எதிர் எடை. காலைத் தாங்க ஒரு வளையமும் இரண்டு கம்பியும் கொண்ட தாமஸ் சட்டம். லிவர்பூலில் வைத்தியம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. முதல் உலகப்போரில் தொடை முறிந்த சிப்பாய்கள் பலர் அதனால்தான் பிழைத்தார்கள். அதே சட்டம்தான் அறுபது வருஷம் கழித்து பேராவில் ஒரு தோட்டத்துப் பையனின் காலைத் தாங்கியது.

ஆக, ஏழு வாரம் தலை கீழாகவும் கால் மேலாகவும் உலகத்தைப் பார்த்தேன். மேலே ஒரு காற்றாடி, இரண்டு பல்லி. எலும்பு ஒட்டியபின் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு, அது ஐந்து வாரம். மாவுக்கட்டோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம், சில பேரை அனுப்பினார்கள். ஆனால் எங்கள் லயத்தில் கக்கூஸ் வீட்டிலிருந்து ஐம்பதடி தள்ளி, நாலு குடும்பத்துக்குப் பொது. தோட்டத்து ரோடு செம்மண். டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "வீட்டில் தூக்கிப் போக யார் இருக்கிறார்கள்?" இருந்த இரண்டு பேரும் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகிறவர்கள். சரி, இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வயதுப் பிள்ளைக்கு முறிந்த முனைகளை நேருக்கு நேர் கச்சிதமாகப் பொருத்த மாட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க விடுவார்கள். முறிவு ஆறும்போது அந்தக் காலுக்கு ரத்த ஓட்டம் கூடி, எலும்பு கொஞ்சம் வேகமாக வளர்ந்து, குறைந்ததை ஈடு கட்டிவிடும். என் கால் கொஞ்சம் அதிகமாகவே ஈடு கட்டிவிட்டது. என் தையல்காரருக்கு மட்டும் தெரியும்.

மற்ற இரண்டு பேரின் நோயும் இன்னும் கவனிக்க வேண்டியவை. மூட்டுக்காய்ச்சலும் ஒருவகைச் சிறுநீரக வீக்கமும் வேறு வேறு நோய் மாதிரித் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. தொண்டைப் புண்ணாக வந்து, சில வாரம் கழித்து மூட்டுகளை வீங்க வைத்து, இதய வால்வைக் கெடுப்பது ஒரு வழி. தொண்டையிலோ, சொறி சிரங்கில் சீழ் பிடித்தோ வந்து சிறுநீரகத்தைத் தாக்குவது இன்னொரு வழி. இரண்டுமே இட நெருக்கடியில் வளர்பவை. ஒரே அறையில், ஒரே பாயில் ஆறேழு பேர் ஒட்டிப் படுக்கும் லயத்து வீட்டைவிட அந்தக் கிருமிக்கு வேறென்ன வசதி வேண்டும்? இதயம் தொட்ட மூட்டுக்காய்ச்சல் பிள்ளையை அப்போதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். ஆஸ்பிரினும் பென்சிலினும் கொடுப்பார்கள், கக்கூசுக்கு நடந்தால்கூட மிஸ்ஸியிடம் திட்டு விழும். நண்பர் வீடு திரும்பியபின்னும் பல வருஷம் மாதாமாதம் பென்சிலின் ஊசிக்கு டிரெசரிடம் போனார். அதாவது லயம்தான் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்பியது. வார்டு எங்களுக்கு இனித்ததற்கும் அதே லயம்தான் காரணம்.

எங்களுக்கு முந்தைய தலைமுறையில் இதைவிட நீண்ட கிடப்பு காசநோய்க்கு. எலும்பில், முதுகுத் தண்டில் காசம் பிடித்த பிள்ளை ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கிடந்ததுண்டு. அந்தப் பழக்கத்தை உடைத்தது நம் மூதாதையர் கப்பலேறிய அதே மதராஸ். 1956இல் அங்கே தொடங்கிய ஓர் ஆய்வில், நுரையீரல் காசநோய் கண்ட ஏழைக் குடும்பத்தாரில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) வைத்தும், மற்றவர்களை அவரவர் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமும் சானடோரியத்தில்தானே இருந்தன? மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டபோது அவை இல்லாமலும் சமாளிக்க முடிந்தது. உலகம் முழுக்க சானடோரியக் கட்டில்கள் காலியாக ஆரம்பித்ததற்கு இந்த முடிவு பெரிய காரணம். மலாயாவிலும் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961இல் வந்தது. போலியோ சொட்டு மருந்து 1972இல். நான் படுத்த வார்டில், சொட்டு மருந்து வருமுன் போலியோவில் காலின் பலத்தை இழந்த ஒரு பையன் இருந்தான். காலில் இரும்புச் சட்டத்தோடு வார்டு முழுக்க டக் டக் என்று நடப்பான். நடக்க முடியாத எங்கள் எல்லோருக்கும் அவன்தான் தபால்காரன்.

இப்போது வார்டு எங்களுக்கு என்ன கொடுத்தது என்று பார்க்கலாம்.

முதலில் கட்டில். ஆறு பிள்ளைகளில் நான் நாலாவது. தனியாக, கால் நீட்டி, என் பெயர் எழுதின அட்டை தொங்கும் கட்டிலில் படுப்பது என்பது கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டுப் பிள்ளைக்குக்கூட கிடைக்காத சங்கதி. பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு அலமாரி, அதுவும் எனக்கே. அதில் வைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம். ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து அடுக்கி வைத்திருந்தேன்.

அப்புறம் வெளிச்சம். எங்கள் தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டர் ஓடும்வரைதான். சாயந்திரம் ஆறு மணிக்கு வரும், பத்துக்குப் போகும். வார்டில் விடிய விடிய ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே மிஸ்ஸி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். ராத்திரியில் முழிப்பு வந்தால் பயப்பட வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தில் அம்மா நாலரைக்கு எழுந்து, எங்களை எழுப்பி, சின்னதை ஆயாக்கொட்டகையில் விட்டு ஓடுவார். பசியாற கோப்பி ஓவும் நேற்றைய சோறும், நல்ல நாளில் ரொட்டியும். வார்டில் காலையில் பிளாந்தா தடவிய ரொட்டியும் மீலோவும். பத்து மணிக்குப் பால். மத்தியானம் சோறு, கெம்போங் மீன், காங்கோங் கீரை, ஒரு வாழைப்பழம். மூன்று மணிக்கு பிஸ்கட்டோ பச்சைப்பயற்று பூபூரோ (கஞ்சி). சாயந்திரம் மறுபடி சோறு. படுக்குமுன் மறுபடி பால். காரம் இல்லை என்று முதல் வாரம் குறைபட்டேன், இரண்டாம் வாரம் மங்குக் கிண்ணத்தை வழித்து நக்கினேன். வேளாவேளைக்கு ஒருவர் வந்து "மாக்கான், மாக்கான்" என்று கூப்பிட்டு, தின்றேனா என்று பார்த்து, தின்னாவிட்டால் கோபப்பட்டார். ஒரு பிள்ளை தின்னாததற்குக் கோபப்பட ஒரு பெரிய ஆளுக்கு நேரம் இருக்கும் என்பதே எனக்குப் புதுசு.

அந்த நேரம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. என் அப்பா அம்மாவுக்குப் பாசம் இல்லாமலில்லை, நேரம்தான் இல்லை. ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து, வீடு வரப் பிற்பகல் இரண்டாகும். அதற்கப்புறம் விறகு, தண்ணி, சமையல். யாராவது என்னைப் பார்த்து "எப்படி இருக்கே" என்று கேட்டு, பதிலுக்காக நிற்பது வார்டில்தான் நடந்தது. மலாய் மிஸ்ஸிகள் தம்பி தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல "அடிக்" என்பார்கள், ஒரு வயதான அட்டெண்டன் மட்டும் "தம்பி" என்பார். தமிழர் அல்லாதவர் வாயிலிருந்து வரும் "தம்பி" வெளியில் பல நேரம் மட்டமான தொனியில்தான் வரும். அவருடையது அப்படி இல்லை. கால்மாட்டில் நின்று எடைக்கல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னும் கனம் வேணுமா?" என்று கேட்டு என்னை அலற வைப்பது அவருடைய தினசரி விளையாட்டு.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு எட்டு வயதுவரை உலகம் முழுக்கத் தமிழ்தான். பள்ளியில் படித்த மலாய், புத்தகத்தைத் தாண்டவில்லை. வார்டில் என் வலப்பக்கம் சீனப் பையன், இடப்பக்கம் உள்காட்டிலிருந்து வந்த ஓராங் அஸ்லி (பழங்குடி) பையன், எதிரே கம்போங் பிள்ளைகள். மூன்று மாதத்தில் சண்டை போடும் அளவுக்கு மலாய் வந்துவிட்டது. சண்டை போட வந்துவிட்டால் அப்புறம் எல்லாம் வந்துவிடும். சாயந்திரம் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது (கலர் 1978இல்தான் வந்தது). பெட்டி தூரத்தில், என் தலை கீழே. எனவே ஓராங் அஸ்லி பையன் படத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்வான். அவனுக்கும் மொழி முழுக்கப் புரியாது. அவன் சொன்ன கதையும் படத்தில் ஓடிய கதையும் ஒன்றில்லை என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் எட்டு வயதுப் பையனின் கதை. வாசல் பக்கத்துத் தொட்டில் கட்டிலில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. அதுவும் ஏதோ தோட்டத்துப் பிள்ளை, வெந்நீர் கொட்டி வெந்தது. முதல் மூன்று நாள் "ம்மா, ம்மா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அப்புறம் கத்துவதை நிறுத்திச் சுருண்டு கிடந்தது. ஒரு வாரத்தில் யார் தூக்கினாலும் போனது, கொடுத்ததைத் தின்றது. "பழகிப்போச்சு, நல்ல பிள்ளை" என்றார்கள். பத்தாம் நாளோ என்னவோ அதன் அம்மா வந்தார். பிள்ளை அவரைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1948 முதல் பிள்ளைகள் வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தது சரியாக இதைத்தான். முதலில் எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குவது, கடைசியில் அம்மாவே வேண்டாம் என்பதுபோல ஒட்டாமல் போவது. மூன்றாவது நிலையைத்தான் ஆஸ்பத்திரிகள் "பழகிவிட்டது" என்று மெச்சிக்கொண்டன. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த ஓர் இரண்டு வயதுப் பெண்குழந்தையை 1952இல் படமெடுத்துக் காட்டினார். மருத்துவர்களும் தாதியரும் முதலில் கொதித்தார்கள். 1959இல் பிரிட்டனின் பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்கலாம், சின்னப் பிள்ளையோடு அம்மாவும் தங்க இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்தது ஒரு காலம், ஊருக்கு ஊர் நடைமுறைக்கு வந்தது வேறு காலம். பார்வை நேரத்தை அறுத்துக் கட்டிய பழைய வழக்கம் 1974இல் நான் படுத்த வார்டில் அப்படியே இருந்தது. மத்தியானம் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. என் தங்கச்சி சன்னலுக்கு வெளியே காண் (சாக்கடை) ஓரத்தில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். நான் படுத்த வாக்கில் சத்தம் மட்டும் கேட்கும்.

பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஆகவே அந்தத் தொட்டில் பிள்ளை பிழைத்து வளர்ந்திருந்தாலும் கல்யாண மண்டபத்து வாசலில் உட்கார்ந்து வார்டுக் கதை சொல்லாது. கதை சொல்வது நாங்கள், ஆறேழு வயதுக்கு மேல் போனவர்கள், அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று நாள் எண்ணத் தெரிந்தவர்கள். அதிலும் குணமாகி நடந்து வெளியே வந்தவர்கள்.

என் பாட்டியிடம் கேட்டிருந்தால் ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கே காறித் துப்பியிருப்பார். அவர் காலத்தில் அது செத்துப் போகிற இடம். மலேரியா தோட்டங்களை அரித்துத் தின்ற காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒடுக்கிக் காட்டினார், காலனி அரசு 1912இலும் 1923இலும் தொழிலாளர் சட்டம் போட்டுத் தோட்ட முதலாளிகள் ஆஸ்பத்திரி வைக்க வழி செய்தது என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம், வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஆள் திரும்பவில்லை என்பதுதான். என்னை லேண்ட்ரோவரில் ஏற்றியபோது அவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மூன்று மாதம் கழித்து நான் கன்னம் உப்பி வந்து இறங்கியபோது, இது நம்ம பிள்ளைதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்போது அப்படிக் கிடக்க வேண்டியதில்லை. என் வயதில் தொடை முறியும் பிள்ளைக்கு, வளையக்கூடிய டைட்டானியம் கம்பி இரண்டை எலும்புக்குள் செருகிச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா கட்டில் ஓரத்தில் நாற்காலியில் தூங்குகிறார். பெரிய அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றில் 2011 முதல் பள்ளிக்கூடமே உள்ளே நடக்கிறது. எனக்கோ அந்த மூன்று மாதத்தில் ஏழாம் வாய்ப்பாடு விட்டுப்போய், இன்றுவரை ஏழெட்டு என்றால் ஒரு கணம் திணறுவேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. டிரெசர் இருந்த கட்டடத்தில் உர மூட்டை.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவருக்கு எண்பத்தாறு வயது, ஞாபகம் கூர்மை. மீலோ, டிவி, அட்டெண்டன் எதுவும் அவர் நினைவில் இல்லை. வார்டு எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதெல்லாம் பஸ். தோட்டத்து முச்சந்திக்கு ரெண்டு கட்டை (மைல்) நடை, அங்கிருந்து ஒரு பஸ், டவுனில் இறங்கி இன்னொரு பஸ். வார நாளில் போனால் அன்றைய நாள் சம்பளம் போச்சு, அதனால் ஞாயிறு மட்டும். கடைசி பஸ் ஆறு மணிக்கு, விட்டால் அடுத்த நாள் காலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் முதல் பஸ் தவறி, ரெண்டாவது பஸ்ஸும் தவறி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்களாம். கொண்டுவந்த முட்டைப் பொட்டலத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"அந்த முட்டை உன் கைக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இல்லை. வந்தது என்று சொன்னேன்.